ஏரிப்பக்கத்துக் கதவு

மேரியின் வீட்டில் ஏரிப்பக்கத்துக் கதவுக்கு ஒரு குரல் உண்டு. திறக்கும்போது கீல் நீளமாக இழுத்து முனகும். சாத்தும்போது சின்னதாக ஒரு சத்தம் போட்டுவிட்டு அடங்கிவிடும். முதல் தடவை அந்த வீட்டுக்குள் போனபோதே ஹேமாவதிக்கு அது காதில் விழுந்தது. மனதில்தான் ஏறவில்லை. அவளுக்கு அன்றைக்கு இருந்த கவலை வேறு.

பொன்னேரியில் ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வேலை. வீடுகளுக்குள் ரேடான் இருக்கிறதா என்று அளந்து சொல்லும் வேலை. ரேடான் என்பது மண்ணுக்கடியிலிருந்து கசிந்து வருகிற வாயு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது, மூச்சில் போனால் தும்மல்கூட வராது. வருஷக்கணக்கில் சுவாசித்துக்கொண்டே இருந்தால் நுரையீரலில் புற்று வைத்துவிடும். இதை அளப்பதற்கும் சரிசெய்வதற்கும் மாநில அரசின் உரிமம் வேண்டும் என்று விதி வந்த பிறகு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு கண்டவர்களும் வீடு வீடாகப் போவது நின்றிருந்தது. அளக்கிறவருக்கு ஒரு உரிமம், சரிசெய்கிறவருக்கு வேறு உரிமம். ஒரே வீட்டில் இரண்டையும் ஒருவரே செய்யக்கூடாது.

ஹேமாவதி எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். உரிமம் உள்ள ஒருவரின் மேற்பார்வையில் ஒரு வீட்டை முறைப்படி அளந்து, தன் கையெழுத்துப் போட்டு அறிக்கை கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் பாக்கி. மேற்பார்வை அவளுடைய முதலாளி வேதாசலம். வீடு, பழவேற்காடு ஏரிக்கரையில் இருந்த மேரியின் வீடு.

அந்தத் தெருவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. வெள்ளத்துக்குப் பயந்து அங்கே வீடுகளை மேடாக்கிக் கட்டியிருந்தார்கள். மேடாக்கக் கொட்டியது கடற்கரைக் கருமணல். அந்த மணலிலிருந்து ரேடான் அதிகமாகக் கசியும். பக்கத்து வீடுகளில் வேதாசலம் அளந்தபோது எல்லாமே வரம்பைத் தாண்டியே வந்தன. மேரி வீட்டில் கொட்டிய மணல் அவள் புருஷன் சாம் தன் படகிலேயே நடை நடையாக அள்ளி வந்தது. அதை மேரி பெருமையாகச் சொன்னாள்.

சாம் இப்போது இல்லை. முகத்துவாரத்துப் பக்கம் இறாலுக்குப் போனவர். படகு மட்டும் தானாகக் கரைக்கு வந்தது.

வீட்டில் மேரியும் மகன் ஜான்சனும் மட்டும். மருமகள் பிரின்சி பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் பொன்னேரி போயிருந்தாள். பெண் குழந்தை. அழைத்துவரப் போகிறார்கள். ஏரியைப் பார்த்த உள்ளறைதான் குழந்தைக்கு. ஜான்சன் அங்கே ஏசி போடுவதற்கு ஏற்பாடு செய்திருந்தான். ஏசி போட்டால் காற்று வெளியே போகக்கூடாதே. அந்த அறையிலிருந்து ஏரிக்குத் திறக்கிற கதவைப் பெயர்த்துவிட்டுச் சுவர் வைக்கப் போகிறான். செங்கல்கூட வந்து வாசலில் அடுக்கியாகிவிட்டது.

“மொதல்ல நீ அளந்து சொல்லிடு மேடம். ஒண்ணும் இல்லேன்னா அடுத்த நாளே கொத்தனாரு,” என்றான்.

ஹேமாவதி விதிகளைச் சொன்னாள். சோதனை நடக்கும் நாட்களில் கதவு ஜன்னல் எல்லாம் சாத்தியே இருக்க வேண்டும். தெருப்பக்கத்துக் கதவு வழியாகப் போகலாம், வரலாம், ஆனால் உடனே சாத்திவிட வேண்டும். உள்ளறையில் வைக்கிற அளக்கும் மெஷின்மேல் துணி போடக்கூடாது, அதை நகர்த்தக்கூடாது, மெஷினுக்குப் பக்கத்தில் கருவாடு காயவைக்கக்கூடாது. மேரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கருவாடு எதற்கு ஆகாது என்று மட்டும் கேட்டாள். அது தன் மூக்குக்குத்தான் ஆகாது என்று ஹேமாவதி ஒப்புக்கொண்டாள். மேரி சிரித்துவிட்டாள்.

*

மெஷினை எடுத்துப்போய்ப் பார்த்ததில் எண் வரம்புக்குள் இருந்தது. வேதாசலத்துக்குச் சந்தோஷம். ஹேமாவதிக்கு இல்லை. சராசரி எண்ணைப் பார்த்துவிட்டு அவள் விடவில்லை, மணிக்கு மணி பதிவான கோட்டையும் பார்த்தாள். பகலெல்லாம் கோடு ஏறுகிறது. மாலையில் பக்கத்து வீடுகளைவிட உயரத்தில் நிற்கிறது. இரவில், ஊர் அடங்கிய பிறகு, படியில் கால் தவறி விழுந்ததுபோல் ஒரேயடியாக இறங்குகிறது. விடியும் வரை தரையோடு கிடக்கிறது. பிறகு மறுபடி ஏறத் தொடங்குகிறது. இரண்டு இரவும் அதே கதை.

யாரோ கதவைத் திறந்திருக்கிறார்கள். ஏரிக்காற்று உள்ளே வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போயிருக்கிறது.

பஸ் பிடித்துத் திரும்பி வந்து கேட்டாள். மேரி, பேத்திக்காகக் கட்டி வைத்திருந்த தூளியைத் தொட்டுத் தான் திறக்கவில்லை என்றாள். ஜான்சனும் இல்லை என்றான். சொல்லிவிட்டு ஹேமாவதியை வாசலுக்கு அழைத்துக்கொண்டு வந்தான்.

“எங்கம்மா கேஸ் அது,” என்றான் தணிந்த குரலில். “நீ திருப்பாலைவனத்துக்காரி. நெல்லு போடுற ஊரு. உனக்குத் தெரியாது.”

அவன் சொன்னது இதுதான். தண்ணிக்குப் போனவன் திரும்பாமல், உடம்பும் கரைக்கு வராமல் போனால், அந்த வீட்டில் ஏரிப்பக்கத்துக் கதவுக்கு இரவில் தாழ் போடமாட்டார்கள். அவன் வருகிற வழி அது. வந்து, தன் வீடு தாழிட்டிருப்பதைப் பார்த்துவிட்டால் பிறகு எந்த வீட்டுக்கும் போகமாட்டான், கரை ஓரமாகவே நின்றுகொண்டிருப்பான் என்பார்கள். மேரியும் அப்படித்தான் கதவை விட்டு வைத்திருந்தாள். பிரின்சிக்குப் பயம். மாசமான பிறகு அந்தக் கதவைப் பார்த்தாலே உடம்பு நடுங்குகிறது என்றாள். ஜான்சன் பாதரிடம் பேசி, வெறும் சவப்பெட்டியை வைத்து ஜெபம் பண்ணி, கல்லறைத் தோட்டத்தில் புதைத்து, சிலுவையும் நட்டான். அன்றைக்கு இரவு முதல் தாழ்ப்பாளை அவனே போடுகிறான். இனி திறக்கமாட்டேன் என்று அம்மாவிடம் சத்தியமும் வாங்கியிருக்கிறான்.

“சத்தியம் பண்ணிட்டுத் தொறக்குறாங்களா?” என்று கேட்டாள் ஹேமாவதி.

அவன் செங்கல் அடுக்கில் ஒன்றை எடுத்து, தூசு தட்டி, எடுத்த இடத்திலேயே வைத்தான்.

*

இரண்டாம் முறை ஹேமாவதி சீல் ஒட்டினாள். முதல் முறையே ஒட்டியிருக்க வேண்டும். வீட்டார் பேச்சை நம்பி விட்டுவிட்டது அவள் தப்பு. கதவும் நிலையும் சேருகிற இடத்தில் தாள்பட்டை ஒன்றை ஒட்டி, அதன் குறுக்கே கையெழுத்துப் போட்டாள். கதவு திறந்தால் தாள் கிழியும்.

சோதனை முடிந்த காலையில் வந்து பார்த்தாள். சீல் இருந்தது. கையெழுத்தும் நேராக இருந்தது. அப்பாடா என்று மெஷினைத் திறந்து பார்த்தாள். இரவில் கோடு விழுந்திருந்தது, முன்பு போலவே.

 தாழிட்ட கதவு, கிழியாத சீல். காற்று எந்த வழியாக வந்தது?

மறுபடி கதவருகில் போனாள். அப்போதுதான் எறும்பைப் பார்த்தாள். நிலைக்காலில் கீழிருந்து சாரி சாரியாக ஏறி வந்து, சீலின் ஓரத்தில் மொய்த்துக்கொண்டிருந்தன. நகத்தால் நெம்பினாள். தாள் அவள் ஒட்டிய இடத்திலிருந்து உரிந்திருக்கிறது, ஆனால் கிழியவில்லை. அதை யாரோ சோற்றுப் பருக்கையை மசித்து மறுபடி ஒட்டியிருக்கிறார்கள். கையெழுத்து கோணாமல், பார்த்துப் பார்த்து.

ஜான்சன் ஏரியிலிருந்து அப்போதுதான் வந்து, நாஸ்தாவுக்கு உட்கார்ந்திருந்தான். மேரி பரிமாறிக்கொண்டிருந்தாள். ஹேமாவதி சீலைக் கொண்டுவந்து இருவருக்கும் நடுவில் வைத்தாள். யார் ஒட்டியது என்று கேட்டாள்.

“நான்தான்,” என்றான் ஜான்சன்.

மேரியின் கை நின்றது.

“நான்தான் ஒட்டுனேன். விடியங்காட்டி வலையெடுக்க எழுந்தா, கதவு தொறந்து கெடக்குது. தினிக்கும் அப்படித்தான். நான் பாட்டுக்குச் சாத்திட்டுப் போயிடுவேன். அம்மா மனசு, இன்னா பண்றது. இந்த தபா சீலு வேற. நீ வந்து அம்மாவ இன்னான்னா கேப்ப? அதான் பழைய சோத்த எடுத்து ஒட்டிட்டேன்.”

“டேய்,” என்றாள் மேரி. “நான் எங்கடா தொறந்தேன்?”

“சும்மா இரும்மா. இன்னும் ஏன் டபாய்க்கிற?”

“பாப்பா மேல ஆணையா நான் தொறக்கல. நீ தொறக்குறேன்னு இல்ல நெனச்சுனு கீறேன்.” அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். “கீல் சத்தம் கேக்கும். முழிப்பு வரும். சரி, புள்ளதான் தொறக்குறான், பொட்டியப் பொதைச்சாலும் அவனுக்கும் மனசு கேக்கல, நைனா வந்துட்டுப் போவட்டும்னு நெனைக்கிறான்னு கம்முனு படுத்துக்குவேன். கேட்டா வெக்கப்பட்டுக்குவானேன்னு கேக்கல.”

“நானா? தாழ் போடுறவனே நான்.”

“அதான்டா. போடுறவன்தானே எடுக்கணும்?”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தட்டில் இட்லி ஆறிக்கொண்டிருந்தது. வீட்டில் மூன்றாவது ஆள் கிடையாது. தாழ்ப்பாள் உள்பக்கம். வெளியிலிருந்து கை போகும் சந்தும் இல்லை என்பதை ஹேமாவதி முன்பே பார்த்திருந்தாள், காற்றுக் கசிவு இருக்கிறதா என்று சோதிப்பதற்காக.

யாரும் அந்தக் கதவைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதே பெரிய வேலையாக இருந்தது.

முதலில் வாய் திறந்தது மேரி. அந்த வாயு எங்கிருந்து வருகிறது என்று இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். கருமணலிலிருந்து, தரைவெடிப்பு வழியாக என்றாள் ஹேமாவதி. கதவு திறந்தால் அது வெளியே போய்விடுமா என்று கேட்டாள். போய்விடும் என்றாள் ஹேமாவதி.

“அவரு கொட்டுன மண்ணு,” என்றாள் மேரி. “அவருக்குத் தெரிஞ்சு போச்சு. அதான் வந்து வந்து தொறந்து வுடுறாரு.”

ஜான்சன் எழுந்துபோய்க் கை கழுவினான். வெகுநேரம் கழுவினான்.

*

வேதாசலம் போனில் ஒன்றும் சத்தம் போடவில்லை. அவர் பொறுமையாகப் பேசும்போதுதான் பயப்பட வேண்டும். எண் வரம்புக்குள் இருக்கிறது, சீல் நிலையில் ஒட்டியிருக்கிறது, பருக்கையா பசையா என்று உரிமக் குழு வந்து முகர்ந்து பார்க்கப் போவதில்லை என்றார். கையெழுத்துப் போட்டு அனுப்பு, இந்தச் சுற்றிலேயே உரிமம் வந்துவிடும். விட்டால் அடுத்த வருஷம், அதுவும் முதலிலிருந்து என்றார். சோதனை செல்லாது என்று எழுதினால் யார் கெடுத்தது, ஏன் கெடுத்தது என்ற கட்டத்தை நிரப்ப வேண்டும். அங்கே என்ன எழுதப் போகிறாய் என்று கேட்டார்.

“தெரியல சார்.”

“செத்தவன் பேரையா எழுதுவ? சிரிப்பாங்கம்மா.”

ஹேமாவதி ஏரிக்கரையில் நின்றுதான் பேசிக்கொண்டிருந்தாள். பின்னால் வாசலில் செங்கல். அவள் கையெழுத்துப் போட்டால் நாளைக்குக் கொத்தனார் வருவார். அந்தக் கதவு போய்விடும். பிறகு யார் வந்தாலும் திறக்க முடியாது. அறை இறுகிக்கொள்ளும், கோடு ஏறியது ஏறியபடி நிற்கும், அதற்குக் கீழே தூளியில் குழந்தை. ஏசி ஜில்லென்று ஓடிக்கொண்டிருக்கும். எல்லோரும் நிம்மதியாகத் தூங்குவார்கள். எத்தனையோ வருஷம் கழித்து அந்தப் பெண் இருமும்போது இந்தக் கையெழுத்து யாருக்கு நினைவிருக்கும்?

அவள் எழுதினாள்: இரவில் கதவு திறந்திருந்தது. திறந்தவர் யாரெனத் தெரியவில்லை. இந்தச் சோதனை செல்லாது.

படம் பிடித்து அனுப்பினாள். வேதாசலம் பதில் போடவில்லை. அவர் பதில் போடாததற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். உரிமம் இந்த வருஷம் இல்லை.

வீட்டுக்குள் வந்து ஜான்சனிடம் விஷயத்தைச் சொன்னாள். சுவர் வைக்காதீர்கள். குழந்தையை இந்த அறையில் போடாதீர்கள். ஆனால் சரிசெய்கிறவர் வந்து வேலை தொடங்க வேண்டுமென்றால், கதவு சாத்திய நிலையில் எண் என்ன என்று உறுதியாகத் தெரிய வேண்டும். மறுபடி அளக்கத்தான் வேண்டும். கதவு திறக்காமல் இருக்க வேண்டும்.

“அத எங்ககிட்ட சொல்லி இன்னா புண்ணியம்?” என்றான் ஜான்சன். கேலி இல்லை அதில். 

“நான் சொல்றேன்,” என்றாள் மேரி.

*

பொழுது சாய்கிற நேரம். ஏரி செம்மண் கரைத்ததுபோல் இருந்தது. ஹேமாவதி மெஷினை வைத்துவிட்டு, சீலைக் கையில் பிடித்தபடி நின்றாள். மேரி முக்காடு போட்டுக்கொண்டு கதவை அகலத் திறந்தாள். கீல் இழுத்து முனகியது. நிலையில் கை வைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்துப் பேசினாள். சந்தையிலிருந்து தாமதமாக வந்தவனிடம் பேசுகிற மாதிரிதான் பேசினாள்.

“யோவ், கேக்குதா? பேத்தி பொறந்துகீது. உன் மூக்கு. பொண்ணுக்கு இந்த மூக்கான்னுதான் வருத்தம். இந்த ரூம்புலதான் படுக்க வைக்கணும். நீ கொட்டுன மண்ணுலேர்ந்து இன்னாமோ வருதாம், கொழந்தைக்கு ஆவாதாம். அத நிறுத்தறதுக்கு ஆளு வரணும்னா, மொதல்ல அளக்கணுமாம். நீ வந்து வந்து தொறந்தா எப்படி அளக்கும் இந்தப் பொண்ணு? அதுக்கு வேலயே போயிடும்போல கீது. அதனால கொஞ்ச நாளு வராத. பசியாவரத்துல உன் தங்கச்சி ஊட்டுல போயி இரு. அவளும் உன்னப் பாக்கலேன்னு அழுதுனுதான் கீறா. நான் கூப்புடுறப்ப வா. கோச்சுக்காத.”

 பிறகு நகர்ந்து மகனுக்கு இடம் விட்டாள். ஜான்சன் ஹேமாவதியை ஒருமுறை பார்த்தான். பார்த்துவிட்டு ஏரிப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

“நைனா,” என்றான். “அம்மா சொல்றத கேளு.”

கதவைச் சாத்தித் தாழ் போட்டான். ஹேமாவதி சீலை ஒட்டினாள். கையெழுத்துப் போடும்போது எழுத்து கொஞ்சம் கோணிவிட்டது.

*

அந்த முறை கோடு விழவே இல்லை. பகலில் ஏறியது, இரவிலும் ஏறியது, வரம்பைப்போல் பல மடங்கில் போய் நின்றது. தெருவிலேயே அதிகம் இந்த வீட்டில்தான். சீலில் எறும்பு இல்லை.

மேரி அந்தக் கோட்டைக் காட்டச் சொன்னாள். இரவு எது என்று விரல் வைத்துக் கேட்டாள். ஹேமாவதி காட்டினாள்.

“வரல.”

“வரலம்மா.”

“சொன்னா கேட்டுக்குவாரு,” என்றாள் மேரி. “எப்பவும் ஒரே தடவ சொன்னா போதும்.” சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள். 

பிறகு தங்கவேல் வந்தார். சரிசெய்வதற்கு உரிமம் வாங்கியவர். உள்ளறை மூலையில் தரையைத் துளைத்து, கருமணலுக்குள் குழாய் இறக்கி, அதைச் சுவரோடு கூரைக்குமேல் ஏற்றி, நடுவில் ஒரு மின்விசிறி வைத்தார். மண்ணுக்குள் இருப்பதை உறிஞ்சி ஆகாயத்தில் விட்டுவிடும். தரைவெடிப்புகளையெல்லாம் பூசி அடைத்தார். சுவர் வைக்க வேண்டியதில்லை, கதவு இருந்துவிட்டுப் போகட்டும், ஓரத்தில் ரப்பர் கொடுத்தால் ஏசிக்குப் போதும் என்றும் சொன்னார். ஜான்சன் செங்கல்லைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டான்.

கடைசிச் சோதனைக்கும் கதவு சாத்தியே இருந்தது. மேரி முன்பே சொல்லியிருந்தாள், இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல்லி. கோடு தரையோடு தரையாக, இரவு பகல் தெரியாமல், ஒரே நேராகக் கிடந்தது. அறிக்கையில் வேதாசலம் கையெழுத்துப் போட்டார். ஹேமாவதியின் பெயர் உதவியாளர் என்ற இடத்தில் இருந்தது.

மெஷினை எடுத்துக்கொண்டு அவள் கிளம்பிய அன்று மாலை பிரின்சியும் குழந்தையும் வருவதாக இருந்தார்கள். மேரி தெருவரைக்கும் கூடவே வந்தாள். வந்தவள் பையைப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னொரு ராத்திரிக்கு இத வுட்டுட்டுப் போயேன்.”

“எதுக்கும்மா? எல்லாம் சரியாயிடுச்சே.”

“கூப்புடப் போறேன், இன்னிக்கு. பேத்தி வருதில்ல. பிரின்சி தாழ் போடச் சொல்லுவா, போட்டுக்கட்டும். அவருக்குத் தாழ் ஒரு கணக்கா? வந்தாரா, இல்ல அங்கயே தங்கிட்டாரான்னு இதுல பாத்துச் சொல்லிடு. கோவமா போயிட்டாரோன்னு கீது.”

ஹேமாவதி பையை இறக்கி வைத்தாள். மெஷின் கதவை எப்போதும் பார்த்ததில்லை, அது பார்த்தது வாயுவை மட்டும்தான் என்று மெதுவாகச் சொன்னாள். அறையில் வாயு நிறைந்திருந்ததால்தான் கதவு திறந்தபோது கோடு விழுந்தது. இப்போது குழாய் எல்லாவற்றையும் இழுத்துவிடுகிறது. கதவு திறந்தாலும் மூடினாலும் கோடு ஒரே மாதிரிதான் கிடக்கும்.

“அப்ப வந்தா தெரியாது.”

“இதுல தெரியாதும்மா.”

மேரி தலையாட்டினாள். குழாயில் விசிறி சன்னமாக ஓடிக்கொண்டிருக்கும் சத்தம் தெருவரை கேட்டது. அவள் அண்ணாந்து குழாயின் வாயைப் பார்த்தாள், அதற்கும் மேலே ஒன்றுமில்லாத வானத்தைப் பார்த்தாள். ஹேமாவதியின் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

பஸ்ஸுக்கு நேரமிருந்தது. மெஷினின் ஒயரை மறந்துவிட்டோமே என்று ஹேமாவதி திரும்பிப் போனாள். உள்ளறையில் ஜான்சன் ஸ்டூல் போட்டு ஏறி நின்றிருந்தான். ஒரு கையில் எண்ணெய்க் கிண்ணம், மறு கையில் துணித்திரி. குழந்தை வருகிற வீடு, கதவு இப்படிச் சத்தம் போட்டால் தூங்குமா என்று ஹேமாவதியிடம் சொல்லிக்கொண்டே, மேல்கீலுக்குத் திரியைக் கொண்டுபோனான்.

மேரி தூளிக்குத் துணி விரித்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலேயே சொன்னாள்:

“எண்ண போடாதடா. வந்தா கேக்கணும்.”

ஜான்சனின் கை அந்தரத்தில் நின்றது. திரியிலிருந்து எண்ணெய் ஒரு சொட்டு தரையில், புதிதாகப் பூசிய இடத்தில் விழுந்தது. அவன் ஸ்டூலைவிட்டு இறங்கினான்.